குறுக்கே விழுந்தவர்

அன்புள்ள ஐயா,

2009இல் பாஸ்டன் பல்கலையில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஐஸ் ஹாக்கி அணி தேசியக் கல்லூரி இறுதிப்போட்டிக்கு வந்ததும் நண்பர்களோடு பஸ் ஏறி வாஷிங்டன் போனேன். எதிரே மயாமி. 3-1 என்று பின்தங்கியிருந்தோம். கடைசி அரை நிமிடத்தில் இரண்டு கோல்! கூடுதல் நேரத்தில் அதிர்ஷ்டம் எங்கள் பக்கம். 4-3. யாரென்றே தெரியாதவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். போன வாரம் மகனுக்கு யூட்யூபில் காட்டினேன். 'அவ்வளவுதானா?' என்றான். எனக்குமே சிலிர்க்கவில்லை. என் நினைவு பொய்யா? நம் ஊர்க் கல்லூரி ஆட்டங்களுக்கு ஏன் இப்படிக் கூட்டம் வருவதில்லை?

எஸ்.

அன்புள்ள எஸ்,

பையனை விடுங்கள். முடிவு தெரிந்த ஆட்டத்தைக் கைப்பேசியில் பார்த்து யாரும் அழமாட்டார்கள். கூட்டம் பற்றிய கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது, பொறுமைதான் இல்லை.

அரை நிமிடம் என்பது தப்பு. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நானும் தேடிப் பார்த்தேன். கோல் காக்கும் கோலியை வெளியே அழைத்துவிட்டு, அவருக்குப் பதில் இன்னொரு ஆட்டக்காரரை இறக்கினார்கள். 59.5 நொடி மீதமிருக்கும்போது ஸாக் கோஹன் ஒன்று, 17.4 நொடி இருக்கும்போது நிக் போனினோ ஒன்று. நீங்கள் அழுதது நியாயம்தான். நானே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

ஆனால் 'அதிர்ஷ்டம்' என்று ஒரே சொல்லில் தாண்டிப் போய்விட்டீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கூடுதல் நேரத்தில் 11 நிமிடம் 47 நொடி. கோல்பி கோஹன் அடிக்கிறார். மயாமியின் தடுப்பாட்டக்காரர் குறுக்கே விழுகிறார். ரப்பர் வட்டு அவர் உடம்பில் பட்டு, காற்றில் எகிறி, கோலியைத் தாண்டி உள்ளே விழுகிறது. அவர் பெயர் கெவின் ரோடர். அரங்கில் உட்கார்ந்து பார்த்த உங்களுக்கு இந்தப் பெயர் தெரியுமா? அவர் தப்புச் செய்யவில்லை ஐயா. அடி வரும்போது உடம்பைக் கொடு என்றுதான் எந்தப் பயிற்சியாளரும் சொல்லிக்கொடுப்பார். ஒதுங்கி நின்றிருந்தால் கோலி பிடித்திருக்கக்கூடும். ஓஹையோவில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற சின்ன ஊரின் அணி அது, ஃப்ளோரிடா மயாமி இல்லை. இன்றுவரை அவர்களுக்கு அந்தக் கோப்பை கிடைக்கவில்லை. உங்கள் கடிதத்தில் அவர்களுக்கு இரண்டே சொல்: 'எதிரே மயாமி'.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். 1983. கோவில்பட்டியில் கல்லூரி ஹாக்கி அரையிறுதி. நம் ஹாக்கிதான், சரளை மைதானம். 1-1, கூடுதல் நேரம். நான் ஃபுல்பேக், கோலிக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரன். அவர்கள் கோலுக்கு முன்னாலுள்ள 'டி' வளைவுக்குள் வந்து அடித்தார்கள், நான் சரியாகத்தான் கட்டையை வைத்தேன். விளிம்பில் பட்ட பந்து எகிறி எங்கள் கோலியின் தலைக்கு மேலே போனது. அவன் அண்ணாந்து பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. 'நீ வச்சது சரிதாண்டா' என்றார் கோச். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முழங்கால் ரத்தத்தில் ஒட்டிய காலுறையைக்கூடக் கழற்றாமல் தனியாக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

போன மாதம் சாத்தூரில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலைக்காரர் கோவில்பட்டியில் ஹாக்கி ஆடியவராம். கேட்காமலே ஆரம்பித்தார். அதே ஆட்டம். "ஒரு பய குறுக்க கட்டைய வச்சான் பாருங்க, பந்து அப்படியே எந்திரிச்சு உள்ள போயிருச்சு. கடவுள் செயல்!" பந்து எகிறிய உயரத்தைக் கையைத் தூக்கிக் காட்டினார். விரலிலிருந்து ரசம் சொட்டியது.

"அந்தப் பையன் யாருண்ணே?" என்று கேட்டாள் என் மனைவி. அவளுக்குத் தெரியும், முப்பது வருடமாகக் கேட்ட கதை.

"அது யாருக்கும்மா ஞாபகம் இருக்கு?" என்றார்.

நான் அப்பளத்தை நொறுக்கிப் பாயசத்தில் போட்டுக்கொண்டேன்.