ஜிம் வாசல் வரை போய்த் திரும்பிவிடுகிறேன்!

கேள்வி: எனக்கு 36 வயது. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. மூன்று மாதத்துக்குப் பணம் கட்டி ஜிம்மில் சேர்ந்தேன். முதல் நாளே மாஸ்டர் கால் பயிற்சியைப் போட்டுத் தாக்கிவிட்டார். அடுத்த இரண்டு நாளும் மாடிப்படி இறங்க முடியவில்லை. மறுபடி போனபோது எந்த மெஷினில் எப்படி உட்காருவது என்று தெரியாமல் விழித்தேன். எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. இப்போது உள்ளே போகவே கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, திருப்பூர்

பதில்: அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நடுவில் நிற்கும்போதுதான் கூச்சம் பிடுங்கித் தின்னும். அதனால் தைரியம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். செய்ய வேண்டிய ஐந்து பயிற்சிகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். லெக் பிரஸ் (காலால் எடையைத் தள்ளுவது), செஸ்ட் பிரஸ் (மார்புக்கு முன்னால் கையால் தள்ளுவது), லாட் புல்டவுன் (தலைக்கு மேலிருக்கும் கம்பியைக் கீழே இழுப்பது), சீட்டட் ரோ (உட்கார்ந்தபடி கைப்பிடியை வயிற்றை நோக்கி இழுப்பது), பிளாங்க் (முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராக வைத்திருப்பது). இப்போதைக்கு இவை போதும்.

மாலை 6 மணிக்கு மேல் கூட்டம் நெரியும். கூட்டமில்லாத நேரம் எது என்று கேட்டுவையுங்கள். பெண்களுக்குத் தனி நேரம் இருந்தால் இன்னும் நல்லது. மறுபடி போகும் முதல் நாள் எடை தூக்க வேண்டாம். மாஸ்டரிடம் இருபது நிமிடம் கேட்டு வாங்கி, ஒவ்வொரு மெஷினிலும் உங்கள் உயரத்துக்கு சீட் எந்த எண்ணில் இருக்க வேண்டும், எடையைத் தேர்ந்தெடுக்கும் 'பின்'னை எந்த எடையில் செருக வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதிப் பதற்றம் இதிலேயே போய்விடும்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது லாட் புல்டவுனில். தொடையை அழுத்திப் பிடிக்கும் உருளையை முதலில் இறக்கிவிடுங்கள். அது தளர்வாக இருந்தால் எடை உங்களையே சீட்டிலிருந்து தூக்கும். கம்பியைத் தோளைவிடச் சற்று அகலமாகப் பிடித்து, மேல் மார்பு வரை இழுங்கள். கழுத்துக்குப் பின்னால் இழுக்க வேண்டாம், தோள் மூட்டுக்கு வீண் சிரமம். உடம்பை ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டியிருந்தால் எடை அதிகம் என்று அர்த்தம். மூன்று எண்ணிக்கொண்டே மெல்ல மேலே விடுங்கள். எடை 'டமார்' என்று விழும் சத்தத்துக்குத்தான் ஜிம்மே திரும்பிப் பார்க்கும்!

லெக் பிரஸில் முட்டியை விறைப்பாக நீட்டிப் பூட்டக் கூடாது. இறக்கும்போது இடுப்பு சீட்டை விட்டு எழும்பினால் அதற்கு மேல் இறக்காதீர்கள். செஸ்ட் பிரஸில் கைப்பிடி நடு மார்பு உயரத்தில் இருக்கட்டும். தள்ளும்போதும் இழுக்கும்போதும் மூச்சை வெளியே விடுங்கள், அடக்காதீர்கள்.

வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். டிரெட்மில்லில் ஐந்து நிமிட நடை. பெல்ட் மெல்ல நகரத் தொடங்கிய பிறகு ஏறுங்கள். சேஃப்டி கிளிப்பைச் சட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள். பிறகு எடைப் பயிற்சி நான்கும் இரண்டு செட், செட்டுக்குப் பத்து முதல் பன்னிரண்டு முறை. செட்டுக்கு நடுவே ஒன்றரை நிமிட ஓய்வு. பிளாங்க் இருபது வினாடி, இரண்டு முறை. செட் முடியும்போது 'இன்னும் இரண்டு மூன்று முறை முடியும்' என்று தோன்றுகிற எடைதான் உங்களுக்குச் சரியானது. இரண்டு செட்டிலும் பன்னிரண்டு சுலபமாக வந்தால் அடுத்த முறை எடையைக் கூட்ட, 'பின்'னை ஒரு துளை மட்டும் இறக்குங்கள்.

முதல் நாளே உங்களை வாட்டியது மாஸ்டரின் தவறு. பழகாத தசைக்கு அளவு மீறி வேலை கொடுத்தால் வலி ஓரிரு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். மூன்று நான்கு நாளில் தணியும். ஆனால் கடும் வலி, வீக்கத்தோடு சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சுவலி, மயக்கத்துக்கும் அப்படியே. வெறும் வயிற்றில் போகாதீர்கள். ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

கண்ணாடியையே வெறித்துக்கொண்டு நிற்பவர்கள் பெரும்பாலும் தங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மெஷினில் ஆள் இருந்தால் "இன்னும் எத்தனை செட்ங்க?" என்று கேட்டுவிட்டு, அதற்குள் வேறொன்றை முடியுங்கள். அதையும் மீறி யாராவது உற்றுப் பார்த்தாலோ கிண்டல் செய்தாலோ ஜிம் உரிமையாளரிடம் சொல்லுங்கள். அவரும் சிரித்து மழுப்பினால், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, வேறு ஜிம் பாருங்கள்.