கிராஞ்சியில் தேட வேண்டிய பெயர்

கேள்வி: இந்திய இராணுவத்தின் இளம் அதிகாரியாக மலாயாவுக்கு வந்த என் தாத்தாவின் அண்ணன், 1942இல் போரில் இறந்தார். கல்லறை இல்லாத அவரைச் சிங்கப்பூரில் எங்கே நினைவுகூர்வது?
– வாசகி, ஈசூன்

பதில்: கிராஞ்சி போர் நினைவிடத்துக்குச் செல்லுங்கள், அம்மா. கல்லறை அறியப்படாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்குள்ள சுவர்களில் படைப்பிரிவு, பதவி என்ற வரிசையில் பொறிக்கப்பட்டிருப்பதால், அவருடைய படைப்பிரிவை முதலில் அறிந்துகொள்வது அவசியம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் அதைத் தேடலாம். நம் பெயர்கள் ஆங்கிலத்தில் பலவாறாக எழுதப்படுபவை என்பதால், ஒரே எழுத்துக்கூட்டலோடு நின்றுவிடாதீர்கள். சமய முறைப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கு, பெரும்பாலும் பிரிக்கப்படாத இந்தியாவின் வீரர்களுக்கு, பின்புறம் தனி நினைவுச்சின்னம் உள்ளது. அதைக் காணாமல் திரும்புவோரை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. நீங்கள் அங்கும் அவசியம் தேடுங்கள்.