வாசகர் கேள்வி பதில்: காருக்குள் இரைச்சல்

கேள்வி: என் கார் பத்து வருடப் பழசு. 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் பின்சீட்டில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. கார் முழுக்க டேம்பிங் ஷீட் (தகரத்தின் அதிர்வை அடக்க ஒட்டும் தாள்) ஒட்டும் அளவுக்கு வசதியில்லை. குறைந்த செலவில் வழி உண்டா?

பதில்: உண்டு. முழுக்க ஒட்டவே தேவையில்லை. ஆனால் ஷீட் வாங்குவதற்கு முன்னால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வேகம் மாறாமல் போகும்போது, கரடுமுரடான சாலையிலிருந்து வழவழப்பான சாலைக்கு வந்ததும் இரைச்சல் சட்டென்று குறைந்தால் அது டயர் சத்தம். டயர் பட்டன்களை இரண்டு திசையிலும் கையால் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி எதிர்த்திசையில் ரம்பப் பல் மாதிரி தட்டுப்பட்டால் தேய்மானம் கோணலாகிவிட்டது, அதை எந்த ஷீட்டும் மறைக்காது. வண்டி நிற்கும்போதே ஆக்சிலரேட்டரை மிதித்தால் கார் அதிர்கிறதா? என்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட்டையும் சைலன்சரையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வேகம் ஏற ஏற ஜன்னல் ஓரத்தில் உஸ்ஸென்று கேட்டால் காற்று. கதவு இடுக்குகளின் மேல் வெளியிலிருந்து மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு கதவை மட்டும் ஏறி இறங்க விட்டுவிட்டு, அதே சாலையில் ஒரு சுற்று போய் வாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் கதவு ரப்பர்தான் குற்றவாளி. எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க, ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள், லேசாக உருவி வந்தால் அங்கே ரப்பர் அழுந்தவில்லை. இது சின்ன விஷயம் என்று தோன்றும். ஆனால் ஒரு தடுப்பின் பரப்பில் 1 சதவீதம் திறந்திருந்தாலே, அது எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபெலுக்கு மேல் தடுக்க முடியாது. அதனால் என் கணக்கில் முதல் செலவு ரப்பருக்குத்தான்.

அப்புறம் ஷீட். அலுமினியத் தாள் போர்த்திய ப்யூட்டைல் ரப்பர் ஷீட் சத்தத்தை மறிப்பதற்கல்ல, தகரம் அதிர்வதை அடக்குவதற்கு. ஒவ்வொரு தகடின் நடுவிலும் கால்வாசிப் பரப்பு மூடினாலே பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். விரல் முட்டியால் தட்டுங்கள்: டங்கென்று ஒலிக்கிற இடத்தில் ஒட்டுங்கள், தொப்பென்று கேட்கிற இடத்தை விட்டுவிடுங்கள். கதவின் வெளித்தகட்டு உட்புறம், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, பின்சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவு, இந்த மூன்றில் தொடங்கலாம். ஒட்டும் முன் எண்ணெய்ப் பிசுக்கை ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, ஒட்டியபின் ரோலரால் நன்றாக அழுத்த வேண்டும். ஏர்பேக் இருக்கும் தூண்களையும் கூரை ஓரத்தையும் தொடாதீர்கள்.

கேள்வி: கட்டட ஒழுகலுக்கு ஒட்டும் தார் டேப் மலிவாகக் கிடைக்கிறதே, அது போதாதா? முட்டை அட்டை மாதிரி ஸ்பாஞ்ச்?

பதில்: தார் டேப் வேண்டாம். வெயிலில் நிற்கும் காருக்குள் அது இளகும், நாறும், மெல்ல வழுக்கி இறங்கும். ஒரு தடவை ஆசைப்பட்டு ஒட்டிவிட்டு, அதைச் சுரண்டி எடுக்க ஒட்டியதைவிட அதிக நாள் செலவழித்தவன் சொல்கிறேன். ஸ்பாஞ்ச் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. போதாக்குறைக்குத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: நானே கதவுகளுக்கு ஷீட் ஒட்டினேன், அமைதி வந்தது. ஆனால் மழைக்குப் பிறகு கதவைத் திறந்தால் உள்ளே தண்ணீர் தளும்புகிறது. என்ன தப்பு?

பதில்: கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு. கண்ணாடி ஓரமாக உள்ளே வரும் மழைநீர் வெளியேறவே கதவின் அடி விளிம்பில் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். அவற்றின் மேல் ஷீட் போய்விட்டது. உள்தட்டைக் கழற்றி அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஷீட்டை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி கீழே சொட்டுகிறதா என்று பார்த்த பிறகு மூடுங்கள். தள்ளிப்போட்டால் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும்.