புகை விஸ்கிக்குப் புதியவர்கள் கேட்டவை

செந்தில்: அண்ணா, நண்பர் வீட்டில் லாஃப்ராய்க் ஒரு ஸ்மால் ஊற்றிக் கொடுத்தார்கள். ஒரே டிங்க்சர் வாடை. புகை விஸ்கியே எனக்கு ஒத்துவராதோ?

எடுத்த எடுப்பிலேயே லாஃப்ராய்க் மாதிரி கடும் புகை விஸ்கியைக் கொடுத்தது கொடுத்தவர் தப்பு, உங்கள் நாக்கின் தப்பில்லை. ஆர்ட்மோர் லெகசி வாங்கிப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில், கென்னத்மாண்ட் கிராமத்தை ஒட்டி 1898இல் டீச்சர் குடும்பம் கட்டிய வடிசாலை. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் டீச்சர்ஸ் விஸ்கிக்கு அடிப்படை இங்கே வடிக்கும் மால்ட் விஸ்கிதான், அதாவது முளைகட்டிய பார்லியில் செய்வது. டீச்சர்ஸ் குடித்தவர் என்றால் இந்தப் புகை உங்களுக்கு ஏற்கெனவே கொஞ்சம் பழக்கம். பிரிட்டனில் மலிவாகக் கிடைக்கும் புகை சிங்கிள் மால்ட்களில் (ஒரே வடிசாலையின் மால்ட் விஸ்கி) இதுவும் ஒன்று.

யாழினி: எல்லாமே பீட் புகைதானே? ஒன்றில் மருந்து வாடையும் இன்னொன்றில் விறகுப் புகையும் எப்படி வருகிறது?

நல்ல கேள்வி. பீட் என்பது சதுப்பு நிலத்தில் செடிகொடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அரைகுறையாக மக்கி அடுக்கடுக்காகச் சேர்ந்தது. அதை வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். முளைகட்டிய பார்லி ஈரமாக இருக்கும்போதே புகை போட வேண்டும். காய்ந்தபின் போட்டால் சரியாகப் பிடிக்காது. உமியில் ஒட்டுவது ஃபீனால் வகைப் பொருள்கள், புகை வாசனை இவற்றால்தான். லாஃப்ராய்க்கின் ஊரான, ஸ்காட்லாந்தின் ஐலே தீவின் பீட்டில் மருந்து, கடல் வாடை தூக்கல். ஸ்காட்லாந்து உள்நிலத்து பீட்டின் புகை உலர்ந்த மர வாசனையோடு வரும். ஆர்ட்மோரில் இந்த இரண்டாவது வகைதான்.

ஃபீனாலை பிபிஎம்மில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று சொல்வார்கள். ஆர்ட்மோர் 12 முதல் 14, பௌமோர் சுமார் 25, லாஃப்ராய்க் 40க்கு மேல், ஆர்ட்பெக் சுமார் 55. ஆனால் இந்தக் கணக்கு புகையிட்ட பார்லியில் (மால்ட்டில்) எடுப்பது, பாட்டிலில் அல்ல. வடிப்பதில் நிறைய போய்விடும். ஐலேயின் லாகவுலின், காலீலா வடிசாலைகள் இரண்டுக்கும் அங்குள்ள போர்ட் எலன் மால்ட் ஆலையிலிருந்து சுமார் 35 பிபிஎம் மால்ட்தான் போகிறது. ஆனாலும் லாகவுலின் கனமாக இருக்கும், காலீலா லேசாக இருக்கும். காய்ச்சும் கலனும், வடிவதில் எந்தப் பகுதியைப் பிடித்து வைக்கிறார்கள் என்பதும்தான் காரணம். கனமான ஃபீனால்கள் வடிவதன் பிற்பகுதியில்தான் வரும். அதனால் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்.

ராபர்ட்: ராவாகவா, தண்ணீர் கலந்தா?

முதலில் ராவாக. அடி அகன்று வாய் குறுகிய கிளாஸில் 30 மில்லி ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். மூக்கை உள்ளே நுழைக்காமல், வாயை லேசாகத் திறந்துவைத்து முகருங்கள். லெகசியில் தேனும் வெனிலாவும் முன்னால் வரும். புகை அதற்குப் பின்னால், முந்தின நாள் எரிந்த விறகடுப்பின் சாம்பல் போல. முதல் வாய் நாக்கைப் பழக்கத்தான், அதை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். இரண்டாவதை வாயில் சற்று நேரம் வைத்திருந்து விழுங்குங்கள். இனிப்பு, லேசான பட்டைக் காரம், கடைசியில் தொண்டையில் வறண்ட புகை.

அப்புறம் நாலைந்து சொட்டுத் தண்ணீர். புகை வாசனை தரும் குவையக்கால், தண்ணீர் சேர்ந்தால் மேற்பரப்புக்கு வருவதாகச் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் கணினிக் கணக்கீட்டில் காட்டினார்கள். பலன் அதிகம் தெரிவது 55, 60 சதவீத ஆல்கஹால் உள்ள சரக்கில்தான். லெகசி ஏற்கெனவே 40. கை தவறி ஊற்றினால் நீர்த்துப்போகும். ஐஸ் போட்டால் வாசனை அமுங்கிவிடும். சோடா? தாராளமாக. இந்த விலைச் சரக்கில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

கவின்: பாட்டிலில் வயதே போடவில்லையே, ஏமாற்றா?

இல்லை. ஸ்காட்ச் என்றாலே சட்டப்படி ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு. பீப்பாயில் வருடங்கள் ஏற ஏறப் புகை மங்கும் என்பதால், புகை விஸ்கியில் இளமை குறையே இல்லை. ஆர்ட்பெக் வீ பீஸ்டியில் 5 ஆண்டு என்று தைரியமாகவே போட்டிருக்கிறார்கள். லெகசியில் என் குறை வேறு: புகையில்லா மால்ட்டை 20 சதவீதம் சேர்த்திருப்பதாலும், 40 சதவீதத்தில் அடைத்திருப்பதாலும் விஸ்கி வாயில் கனமில்லாமல் கொஞ்சம் மெலிவாக இருக்கும். பழகியவருக்குப் போதாது.

சுதா: இது பிடித்துவிட்டால் அடுத்து?

பௌமோர் 12. அப்புறம் மல் தீவின் லெடெய்க் 10, அது 46.3 சதவீதம், கொஞ்சம் அழுக்கான புகை, எனக்குப் பிடித்தது. லாஃப்ராய்க் பக்கம் அதன்பின் போங்கள். இந்தியாவில் என்றால் பெங்களூரு அம்ருத்தின் பீட்டட். அதற்குப் புகையிட்ட பார்லி ஸ்காட்லாந்திலிருந்துதான் வருகிறது.

மணி: சைடு டிஷ்?

சிக்கன் 65 வைத்தால் விஸ்கி காணாமல் போகும். வறுத்த முந்திரி, உப்புக் குறைவாக. அல்லது டார்க் சாக்லேட்.

அருள்: திறந்த பாட்டில் எவ்வளவு நாள் தாங்கும்?

நிறைய இருந்தால் ஒரு வருடம் கவலையில்லை. கால் பாட்டிலுக்குக் கீழே இறங்கினால் முதலில் சோர்வது புகைதான், சீக்கிரம் முடித்துவிடுங்கள். ஒயின் மாதிரி படுக்க வைக்காதீர்கள், ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். நிமிர்த்தி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.