வேலைக்கு வந்தவர் போட்டுக் கொடுத்த சாம்பிள் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறேன். குழந்தைகள் உடுப்பு தைத்து ஏற்றுமதி செய்கிறோம். ஆன்லைனிலும் விற்கலாம் என்று ஒரு வெப் டிசைனரை மாதச் சம்பளத்துக்கு எடுக்க விளம்பரம் கொடுத்தோம். ஆறு பேரை வடிகட்டி, ‘நம் கம்பெனிக்கு ஒரு முகப்புப் பக்கமும் ஒரு பொருள் பக்கமும் போட்டு நான்கு நாளில் அனுப்புங்கள்’ என்று மெயில் போட்டோம். அதற்குக் காசு எதுவும் பேசவில்லை. ‘அனுப்பும் வேலை அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம்’ என்று மெயிலின் கடைசியில் ஒரு வரி இருந்தது. நாகர்கோவிலிலிருந்து ஒரு பெண் அனுப்பியது எல்லாருக்கும் பிடித்தது. ஆனால் அவர் கேட்ட சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்று வேறொரு பையனை எடுத்தோம். அந்தப் பையன் அந்தப் பெண்ணின் ஃபைலை வைத்தே சைட்டை முடித்துவிட்டான். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. பதினைந்து நாளில் பக்கத்தை எடுக்க வேண்டுமாம், ஒன்றரை லட்சம் நஷ்டஈடு தர வேண்டுமாம், இல்லையென்றால் கிரிமினல் கேஸாம். போதாக்குறைக்கு இரண்டு டிசைனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லிங்க்டுஇன் என்ற வேலைத் தளத்திலும் போட்டிருக்கிறார். ‘வேலை தேடுகிற பெண், வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இருக்காது, தானாக அடங்கிவிடும், நாம் மானநஷ்ட நோட்டீஸ் விடலாம்’ என்கிறார் என் மச்சான். சாம்பிள் கேட்டது தப்பா? காசு கொடுத்தே ஆக வேண்டுமா? அடுத்த முறை ஆளை எப்படி எடுப்பது?

பதில்: முதலில் மச்சானைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள். அவர் சொன்ன எதுவும் சரியில்லை. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

சாம்பிள் கேட்டது குற்றமா என்றால், இல்லை. வேலைக்கு எடுக்கும் முன்னால் காசில்லாமல் சோதனை வேலை வாங்கக் கூடாது என்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. அந்தப் பெண் உங்கள் ஊழியர் ஆகவே இல்லை என்பதால், கூலிச் சட்டங்களைக் காட்டி நான்கு நாள் சம்பளம் கேட்பதும் அவருக்குக் கஷ்டம். நான்கு நாள் வேலையைச் சும்மா கேட்டது அழகில்லை என்று என்னைப் போல் யாராவது சொல்லலாம், அவ்வளவுதான்.

ஆனால் ‘அவர் ஊழியர் இல்லை’ என்ற அதே விஷயம்தான் அடுத்த அடியில் உங்கள் காலை வாருகிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒன்றைப் படைத்தவரே அதன் முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் தன் வேலையின் பகுதியாகச் செய்தது முதலாளிக்குச் சேரும் என்று அதிலேயே ஒரு விலக்கு உண்டு. நீங்கள் எடுத்த பையன் சொந்தமாக வரைவதெல்லாம் அந்த விலக்கில் உங்களுடையது. அந்தப் பெண் போட்டது அப்படி இல்லை. அது அவர் அனுப்பிய நாளிலும் அவருடையது, இன்றும் அவருடையது. பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டு நோட்டீஸுக்குப் பதில் போட்டுவிடாதீர்கள். பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. வரைந்த உடனேயே உரிமை வந்துவிடுகிறது.

மெயிலின் கடைசி வரி உங்களைக் காப்பாற்றுமா? நான் நம்பவில்லை. உரிமையை எழுதிக் கொடுப்பது எப்படி என்பதை 19-ஆம் பிரிவு சொல்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும், எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த எல்லை, என்ன தொகை என்பதெல்லாம் அதில் வர வேண்டும். உங்களிடம் இருப்பது நீங்களே எழுதி நீங்களே அனுப்பிய ஒரு வரி. அவர் அதற்கு ஃபைலை இணைத்துப் பதில் போட்டார். அந்தப் பதில் மெயிலில் இருக்கும் அவர் பெயரே கையெழுத்துதான் என்று உங்கள் வக்கீல் வாதம் வைக்கலாம். தொகை எங்கே என்று நீதிபதி கேட்டால் என்ன சொல்வார்?

திருப்பூர்க்காரரான உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. ஒரு பையர், அதாவது உடுப்பு வாங்க வரும் வியாபாரி, வந்து டிசைன் கேட்கிறார். நூல் வாங்கி, துணி ஓட்டி, சாயம் போட்டு, முதல் மாதிரிக்கு ப்ரோட்டோ சாம்பிள், அப்புறம் அளவு பார்க்க ஃபிட் சாம்பிள் என்று தைத்துக் கொடுக்கிறீர்கள். அவர் ‘ரொம்ப நன்றாக இருக்கிறது’ என்று சாம்பிளை எடுத்துக்கொண்டு போய், பீஸுக்கு இரண்டு ரூபாய் குறைவு என்று அடுத்த தெரு யூனிட்டில் ஆர்டரைப் போடுகிறார். இந்தக் கதையை என்னிடம் சொல்லி ஆத்திரப்படாத பனியன் கம்பெனி முதலாளியை நான் இன்னும் பார்க்கவில்லை. இந்த வழக்கில் பையர் நீங்கள்.

சரி, எதெல்லாம் அவருடையது? இங்கேதான் உங்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கிறது. யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான் உண்டு என்று 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மேலே லோகோ, வலது மூலையில் கூடை, கீழே வரிசைக்கு நான்கு பொருள் என்ற அமைப்பை யாரும் தனக்கு என்று சொந்தம் கொண்டாட முடியாது. இலவச டெம்ப்ளேட்டிலிருந்து எடுத்தது, கூகுள் எழுத்துரு, காசுக்கு வாங்கும் ஸ்டாக் படம் இவையும் அவருடையவை அல்ல. அவர் கையால் வரைந்த சின்னச் சின்னப் படங்கள், அளவு அட்டவணைக்குப் போட்ட குழந்தை உருவம், பேனரில் எழுதிய வாசகம், அவர் எழுதிய நிரல் (கோட்) இவையெல்லாம் அவருடையவை. பதிப்புரிமை அலுவலகமே ஒரு வலைத்தளத்தை முழுசாக ஒரே படைப்பாகப் பார்ப்பதில்லை. அதில் உள்ள எழுத்து, படம், நிரல் என்று தனித்தனியாகத்தான் விண்ணப்பம் வாங்குகிறது. அதனால் இரண்டு திரையையும் பக்கத்தில் வைத்து, அந்தப் பையனையும் உட்கார வைத்து, எது எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். அவனைத் திட்டாமல் கேட்டால் உண்மை வரும். ‘பையன் செய்தான், எனக்குத் தெரியாது’ என்ற பதில் சட்டத்தில் செல்லாது. சைட் உங்களுடையது, லாபமும் உங்களுடையது. ஃபைலை அவனிடம் கொடுத்தது யார் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பதிப்புரிமை பாதி தோற்றாலும் அவர் கையில் இன்னொரு பிடி இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் இன்னொருவருக்காக ஒன்றைச் செய்து, அதன் பலனை அந்த இன்னொருவர் அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. ஒப்பந்தமே போடாத கட்டட வேலைக்குக்கூட இந்தப் பிரிவில் அரசு பணம் கொடுக்க வேண்டும் என்று 1961-இல் மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மண்டல் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் தீர்ப்பானது. ‘வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தானே செய்தார், கூலிக்கு இல்லையே’ என்று நீங்கள் மறுக்கலாம். பார்த்துவிட்டு விட்டிருந்தால் அந்த மறுப்பு நின்றிருக்கும். எடுத்துப் பயன்படுத்திய பிறகு அதில் பலம் இல்லை.

கிரிமினல் கேஸ் வெறும் மிரட்டல் இல்லை. தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2,00,000 வரை அபராதம். இது வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத வகைக் குற்றம் என்று 2022-இல் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லிவிட்டது. (பெயரைப் பார்த்து உங்கள் தொழில் வழக்கு என்று நினைக்காதீர்கள்!) அதற்காக நாளைக் காலையில் ஜீப் வந்து நிற்கும் என்று பயப்படவும் வேண்டாம். 7 வருடத்துக்கு உட்பட்ட தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் அதே நீதிமன்றம் போலீஸுக்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. கவனிக்க வேண்டியது ‘தெரிந்தே’ என்ற சொல்லை. நோட்டீஸ் கைக்கு வந்த பிறகும் பக்கம் அப்படியே இருந்தால், தெரியாது என்று இனிமேல் எந்த வாயால் சொல்வீர்கள்?

இப்போது மச்சானிடம் வருகிறேன். வக்கீலுக்குக் காசில்லை என்பது அவர் கணக்கு. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில், பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி பெறத் தகுதி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் ஆணைக்குழுவில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் போதும். வழக்கு போட அவர் திருப்பூர் வர வேண்டும் என்பதும் இல்லை. பதிப்புரிமை வழக்கை, உரிமையாளர் தான் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு. வாய்தாவுக்கு வாய்தா நாகர்கோவிலுக்கு வண்டி ஏறப்போவது நீங்கள்தான். நஷ்டஈடு கேட்க அவருக்கு மூன்று வருடம் அவகாசமும் இருக்கிறது, அடங்கிவிடுவார் என்று காத்திருப்பதற்கு அது நீண்ட காலம். லிங்க்டுஇன் பதிவுக்கு மானநஷ்டம் போடுவது இதைவிட மோசமான யோசனை. இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘இது நான் போட்டது’ என்று சொன்னது உண்மையாக இருந்தால், அந்த நோட்டீஸ் உங்களிடமே திரும்பி வரும். பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 356-ஆம் பிரிவிலேயே, பொது நன்மைக்காகச் சொல்லும் உண்மைக்கு விலக்கு உண்டு. பார்க்கிறவர்கள் பத்து மடங்கு ஆவதுதான் மிச்சம்.

ஆக, இன்று மாலைக்குள் அந்த இரண்டு பக்கத்தையும் இறக்கிவிடுங்கள். ‘விரைவில்’ என்று ஒரு வெள்ளைப் பக்கம் கிடந்தால் உங்களுக்கு இரண்டு வாரம் ஆர்டர் குறையும், பரவாயில்லை. ஆனால் மெயில், அவர் அனுப்பிய ஃபைல், சைட்டின் பழைய நகல் எதையும் அழிக்காதீர்கள். ஃபிக்மா போன்ற டிசைன் மென்பொருளில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற வரலாறு அவரிடம் இருக்கும். அவரிடம் உள்ள சான்று உங்களிடம் மட்டும் காணாமல் போனால், அதற்கு நீதிமன்றம் ஒரே ஒரு அர்த்தம்தான் எடுத்துக்கொள்ளும். அப்புறம் ஒரு வக்கீல் மூலமாகப் பதில் நோட்டீஸ் அனுப்புங்கள். பக்கத்தை இறக்கிவிட்டோம், எங்கள் வாதங்களை விட்டுக்கொடுக்காமல் சமரசம் பேசத் தயார் என்று இரண்டு பத்தி போதும். கெடு முடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

ஒன்றரை லட்சம் கொடுக்க வேண்டுமா? இதற்கு இவ்வளவு என்று சட்டத்தில் விலைப்பட்டியல் இல்லை. அனுமதி கேட்டிருந்தால் அவர் என்ன வாங்கியிருப்பார், அந்தப் பக்கங்களால் நீங்கள் என்ன சம்பாதித்தீர்கள் என்ற இரண்டையும்தான் நீதிமன்றம் பார்க்கும். உங்கள் இடத்தில் நான் இருந்தால், இந்த மாதிரி இரண்டு பக்கத்துக்கு அவர் வெளியில் வாங்கும் தொகையைக் கேட்டு, அதற்கு மேல் நோட்டீஸ் செலவையும், கேட்காமல் எடுத்ததற்கு ஒரு தொகையையும் வைத்துப் பேச ஆரம்பிப்பேன். பேச்சு எப்படிப் போகும் என்பது பாதி அவர் கோபத்தைப் பொறுத்தது. நீங்களே ஒருமுறை போனில் மன்னிப்புக் கேட்டால் தொகை குறைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மச்சானைப் பேச விடாதீர்கள்.

டிசைன் தொடர்ந்து வேண்டும் என்றால் சமரசப் பத்திரத்திலேயே உரிமையையும் எழுதி வாங்கிவிடுங்கள். இதில் ஏற்றுமதிக்காரர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். உங்கள் சைட்டைப் பார்க்கப்போகிற பையர் வெளிநாட்டில் இருக்கிறார். ‘உலகம் முழுவதும், பதிப்புரிமை உள்ள காலம் முழுவதும்’ என்று இரண்டு சொற்றொடரையும் கேட்டுப் போடச் சொல்லுங்கள். அப்படி வாங்கிய பிறகும், இது தான் படைத்தது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-ஆம் பிரிவில் அவரிடமே இருக்கும். தன் வேலைகளின் தொகுப்பில் அவர் அதைக் காட்டினால் தடுக்கப் போகாதீர்கள்.

மிச்சமுள்ள நான்கு பேரின் ஃபைலிலிருந்து எதையாவது எடுத்தானா என்று பையனிடம் கேளுங்கள். இல்லை என்று உறுதியானால் அவற்றை அழித்துவிட்டு, ‘உங்கள் வேலையை நாங்கள் பயன்படுத்தவில்லை, நீக்கிவிட்டோம்’ என்று நால்வருக்கும் மெயில் போடுங்கள். ஒரு நோட்டீஸைப் பார்த்து இன்னொரு நோட்டீஸ் கிளம்புவது இப்படித்தான் நிற்கும்.

அடுத்த முறை ஆள் எடுக்கும்போது, அவர்கள் ஏற்கெனவே செய்த வேலையைத் திறந்து வைத்து, இதை ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று ஒரு மணி நேரம் பேசுங்கள். அதிலேயே பாதி தெரிந்துவிடும். சோதனை வைத்தே ஆக வேண்டும் என்றால் கடைசி இரண்டு பேருக்கு மட்டும், அரை நாளில் முடியும் அளவுக்கு, ஒரு தொகை பேசிக் கொடுங்கள். மதிப்பிட மட்டுமே பார்ப்போம், உரிமை உங்களிடமே இருக்கும் என்று மெயிலில் எழுதுங்கள். பனியன் கம்பெனிக்குப் பக்கம் போடச் சொல்லாதீர்கள், இல்லாத ஒரு குடைக் கடைக்குப் போடச் சொல்லுங்கள். கை சுத்தமா, கண் சுத்தமா என்று பார்க்க அது போதும், உங்கள் பையனுக்கும் அதை எடுத்து ஒட்ட வழியிருக்காது.