திருத்தியும் பழைய வழிகாட்டியே தெரிகிறதா?
திருத்தத்தை மெயினில், அதாவது திட்டத்தின் முதன்மைக் கிளையில், சேர்த்தது மட்டும் போதாது. புது டேக் (வெளியீட்டின் பதிப்பு எண் குறி) போட்டால்தான், ஆவணங்களை வெளியிடும் ரீட் த டாக்ஸ் தளத்தின் ஸ்டேபிள் பக்கம் மாறும். அங்கே லேட்டஸ்ட் என்ற பக்கம்தான் மெயினிலிருந்து வருவது. பெங்களூரு சந்திப்புக்கு வந்தவர்கள் பழைய நிறுவல் கட்டளையையே அடித்துத் திணறினார்கள் என்றீர்களே, அநேகமாக இதுதான் காரணம்.

அவர்கள் திறந்த முகவரியைப் பாருங்கள். நடுவில் ஸ்டேபிள் என்றிருந்தால் சந்தேகமே வேண்டாம். லேட்டஸ்ட் என்றிருந்தும் பழசா? அப்படியென்றால் பில்ட் (தளம் பக்கங்களை உருவாக்கும் வேலை) பதிவைத் திறந்து பாருங்கள். பில்ட் தோற்றால் முந்தைய பக்கமே நிற்கும்.

ஆனால் அவசரத்தில் எல்லோரையும் லேட்டஸ்டுக்குத் திருப்பிவிடாதீர்கள். இன்னும் வெளியிடாத வசதியெல்லாம் அங்கே எழுதியிருக்கும். கோரமங்கலாவில் எங்கள் குழுவுக்கு நான் அதைத்தான் செய்தேன். அப்புறம் ஒரு வாரம் "இந்த ஆப்ஷன் வேலை செய்யவில்லையே" என்பவர்களுக்குப் பதில் சொல்லியே ஓய்ந்தேன். ஆவணத் திருத்தம் மட்டும்தான் என்றாலும் 1.4.1 மாதிரி சின்ன டேக் ஒன்று போட்டுவிடுங்கள்.