மயிலாப்பூரை விட்டுப் போகலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மயிலாப்பூரில் ஒண்டுக்குடித்தன வீட்டில் ஒரு போர்ஷனில் பல வருடமாக இருக்கிறோம். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் மூன்று வீடுகளில் சமையல் வேலை செய்கிறேன். இடத்தை பில்டரிடம் கொடுத்துவிட்டதாகச் சொல்லி, வீட்டுக்காரர் இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொல்கிறார். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. இங்கேயே வேறு வீடு பார்த்தால் இரண்டு மடங்கு வாடகை கேட்கிறார்கள். மேடவாக்கம் போய்விடலாம் என்கிறார் கணவர். போகலாமா?
- ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: அட்வான்ஸ் கைக்கு வராமல் சாவியைக் கொடுக்காதீர்கள் சகோதரி. வாடகை கொடுத்ததற்கான ரசீது, ஜிபே பதிவு, இந்த முகவரியில் உள்ள ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். அது இல்லாதது உங்களுக்குப் பலவீனம்தான். இடித்துக் கட்டுவதும் காலி செய்யச் சொல்லச் சட்டம் ஏற்கும் காரணம். ஆகவே கட்டடத்தைக் காப்பாற்ற முடியும் என்று உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க மாட்டேன். ஆனால், காலி செய்ய வைப்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. வாடகை நீதிமன்றத்துக்குப் போகாமல் சாமான்களைத் தூக்கித் தெருவில் வைப்பதும் முறையல்ல. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேளுங்கள். பிள்ளைகளின் முழு ஆண்டுத் தேர்வு முடியும் வரை அவகாசம் வேண்டும் என்று ஆறு குடித்தனமோ எட்டுக் குடித்தனமோ, எல்லோரும் ஒன்றாகப் போய்க் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் தனித்தனியாகத்தான் அனுப்புவார்கள்.

அடுத்து, மேடவாக்கம். வாடகையில் மூவாயிரம் மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். காலை ஆறு மணிக்கு அடுப்புப் பற்றவைக்க வேண்டிய வீட்டுக்கு அங்கிருந்து வந்து சேர முடியுமா? சாதாரண பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை, உண்மைதான். ஆனால் பஸ்ஸில் போகும் நேரத்தை யார் திருப்பித் தருவார்கள்? மூன்று வீட்டில் ஒன்று கைவிட்டுப் போனால் அந்த மூவாயிரமும் போய், மேலே துண்டு விழும். உங்கள் கணவருக்குத் தெரிந்த ஸ்டாண்டும் சவாரியும் இங்கேதான் இருக்கின்றன. என்னைக் கேட்டால், இப்போது இருப்பதைவிடச் சின்ன இடமாக இருந்தாலும் நடந்து வேலைக்குப் போகும் தூரத்தில் பாருங்கள். மந்தைவெளியின் உள் சந்துகளில் தரகர் கைக்குப் போகாத போர்ஷன்கள் இன்னும் இருக்கின்றன. பால் போடுபவர், இஸ்திரிக்காரர், உங்களைப் போல வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், இவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

வீட்டுக்காரரை மட்டும் நான் குற்றம் சொல்லவில்லை. ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி. முன்பு அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 3,600 சதுர அடி கட்டலாம். 2019-இல் வந்த கட்டட விதிகள் அதை இரண்டு மடங்காக்கின. இப்போது 4,800 அடி. போதாததற்குத் திருமயிலையில் மெட்ரோவின் இரண்டு தடங்கள் சந்திக்கப்போகின்றன. பழைய ஓட்டு வீட்டில் ஆறு குடும்பம் தரும் வாடகை, அந்த மண்ணின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. புதிதாக வரும் ஃப்ளாட்டில் காருக்கு இடம் இருக்கும். அந்த ஆறு குடும்பத்தில் ஒன்றுக்காவது இடம் இருக்குமா? நான் பார்த்தவரை இருந்ததில்லை.

கேள்வி: ரோடு, மெட்ரோ, நல்ல கட்டடம் எல்லாம் வந்தால் ஏழைகளுக்கும் நல்லதுதானே?
- ஒரு வாசகர், அண்ணா நகர்

பதில்: சொந்த வீடு உள்ளவருக்கு நல்லது. வாடகைக்கு இருப்பவர், புறம்போக்கில் இருப்பவர் கதை வேறு. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்று, மனு மேல் மனு கொடுத்துக் குழாய் வரவழைத்தவர்களே, குழாய் வந்த பிறகு வாடகை ஏறி வெளியே போனதை எங்கள் பகுதியில் பார்த்திருக்கிறேன். 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் (2021-லிருந்து அதற்கு வேறு பெயர்), அந்தக் காலத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தது. 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். பெரும்பாக்கத்து அடுக்குமாடியின் மேல் தளத்தில் வீடு கிடைத்த ஒருவர் தன் காய்கறித் தள்ளுவண்டியை எங்கே நிறுத்துவார்? பட்டினப்பாக்கத்தில் மீன் விற்றவர் விடியற்காலைக் கடலுக்கு எப்படி வருவார்? வீடு கொடுத்தாயிற்று என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள். அவர்கள் பிழைப்பு பழைய இடத்திலேயே கிடக்கிறது. ரோடும் மெட்ரோவும் எனக்கும் வேண்டும். அவை வரும் தெருவில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு அங்கேயே வீடு வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

கேள்வி: புதிய அபார்ட்மென்ட்காரர்கள் என் இஸ்திரி வண்டியை எடுக்கச் சொல்கிறார்கள். சொல்லலாமா?
- ஒரு வாசகர், அடையாறு

பதில்: அவர்கள் சொன்னதற்காக எடுக்க வேண்டியதில்லை. எங்கள் தெருமுனையில் இட்லி விற்ற அம்மா இப்படித்தான் ஒரு வார்த்தைக்குப் பயந்து அடுத்த தெருவுக்குப் போனார். அவரிடம் சாப்பிட்ட ஆட்டோக்காரர்கள் அங்கே வரவில்லை, கடையே நின்றுபோனது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அகற்றக் கூடாது. அதன் பிறகு அகற்றுவதென்றாலும் 30 நாள் நோட்டீஸ் வேண்டும். மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் உங்கள் பெயர் வியாபாரிகள் பட்டியலில் இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். வண்டி நிற்கும் இடத்தைத் தேதியோடு ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.